விரிசலைப் பூசி மறைக்காதே

அன்புள்ள தங்கைக்கு,

மாமல்லபுரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. ஏழு பிள்ளைகள், எட்டு நிமிடம், ஒரு புதிர். நாடகம் படித்துவிட்டு வந்த பெண் என்பதால் பள்ளியில் போட்டிக் குழுவை உன்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். போட்டிக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. "பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எதுவும் ஒன்று சேரவில்லை. கதையை நானே எழுதிக் கொடுத்துவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம். உன்னைப் போல இந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய விதித்தாளைப் படித்தேன். 'ஒடிசி ஆஃப் த மைண்ட்' என்ற போட்டியின் வழியில் எழுதப்பட்டது அது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1978-ல் தொடங்கிய போட்டி அது. சாம் மிக்லஸ் என்ற கல்லூரிப் பேராசிரியர் தன் மாணவர்களுக்குச் சக்கரம் இல்லாத வண்டி செய், ஏரியைக் கடக்க ஒரு மிதவை செய் என்று வேலை கொடுப்பாராம். வண்டி ஓடியதா என்பதைவிட, எப்படி யோசித்தாய் என்பதற்குத்தான் மதிப்பெண். அதுதான் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டியாக வளர்ந்தது. பல மாதம் உட்கார்ந்து தீர்க்கும் பெரிய புதிருக்கு 200 மதிப்பெண், அதை அலங்கரித்துச் சொல்லும் பாங்குக்கு 50, அறைக்குள் போன பிறகே தெரியவரும் திடீர்ப் புதிருக்கு 100. அரங்கம் அமைப்பதும் அந்த எட்டு நிமிடத்துக்குள்தான். செலவுக்கு உச்சவரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: யோசனையும் செய்கையும் முழுக்கப் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். வெளியார் உதவி இல்லை என்று எழுதியே கொடுக்க வேண்டும். தையல் தெரியாத பிள்ளைக்கு நீ தையல் கற்றுக்கொடுக்கலாம். உடையைத் தைத்துக் கொடுக்கக் கூடாது.

இந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். போட்டி வேறு, விதி இதேதான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குடைக்கம்பியிலும் ஈர்க்குச்சியிலும் ஒரு கொக்கு செய்திருந்தாள். நூலை இழுத்தால் கழுத்து வளைந்து, அலகு திறந்து, தக்கையில் செய்த மீனைக் கவ்வ வேண்டும். பத்து முறை இழுத்தால் ஆறு முறைதான் கவ்வும். முந்தைய நாள் இரவு, பிள்ளைகள் தூங்கின பிறகு, சைக்கிள் ஸ்போக் கம்பியும் ஒரு ஸ்பிரிங்கும் வாங்கிவந்து அந்தக் கழுத்தைப் பிரித்து மாற்றிக் கட்டினேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். காலையில் பத்துக்குப் பத்து கவ்வியது. ஆட்டம் முடிந்ததும் நடுவர் அம்மா குனிந்து அவளிடம் கேட்டார்: "இந்தக் கழுத்து எப்படிம்மா வளையுது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நடுவரிடம், "இது நான் செஞ்சது இல்ல மேடம். நான் செஞ்சது வேற" என்றாள்.

அவளுடைய கொக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் கால் மணி நேரம் பேசியிருப்பாள். எந்தக் குடையிலிருந்து எடுத்த கம்பி, ஏன் மூன்றாவது முடிச்சில் நூல் சிக்கியது, அதற்கு மெழுகு தடவிப் பார்த்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். மதிப்பெண் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த ஆண்டு முழுக்க அவள் வேறு எதையும் கையால் செய்யவில்லை, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. பழைய கழுத்தைத் தேடிப் போனேன். கூட்டிப் பெருக்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உன் கையைக் கட்டிக்கொள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சும்மா நிற்பது என்று நினைக்காதே. உன் ஊரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 2022 ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் உன் ஊரை ஒட்டிய பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். இந்தியாவின் இரண்டாவது அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி, அதிபன். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். அந்தப் போட்டியின் விதிப்படி, ஆட்டம் நடக்கும்போது அணிப் பொறுப்பாளர் காய்களின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. டிரா கேட்கலாம், டிராவை ஏற்கலாம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான் சொல்லலாம். 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றிருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கைக்கு வந்திருந்த ஆட்டத்தைத் தவறவிட்டுத் தோற்றார். எத்தனை ஆண்டுப் பயிற்சி பின்னால் இருந்தாலும் அந்த நேரத்தில் யாராலும் ஒரு காயை நகர்த்தித் தர முடியாது. அந்தச் சுற்று சமனில் முடிந்தது. அடுத்த சுற்றில் அதே பிள்ளைகள் ஜெர்மனியை வென்று வெண்கலம் வாங்கினார்கள். பயிற்சி கொடுப்பவரின் வேலை பலகைக்கு முன்னால் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உன் வேலையும் அப்படித்தான்.

அப்படியானால் ஒன்பது வாரம் நீ என்ன செய்வாய்? கேள்வி கேட்பாய். "கயிறு அறுந்துடுதுக்கா" என்று ஒரு பையன் வந்தால், "நைலான் வாங்கு" என்று சொல்லிவிடாதே. "எந்த இடத்துல அறுந்துடுது? ஒவ்வொரு தடவையும் அதே இடமா?" என்று கேள். அவன் போய்ப் பார்ப்பான். கழியின் விளிம்பு கூர்மையாக இருப்பதை அவனே கண்டுபிடிப்பான். துணி சுற்றுவானோ, தேய்ப்பானோ, மூங்கிலை விட்டுச் சவுக்குக்கு மாறுவானோ, அது அவன் பாடு. பதில் உனக்குத் தெரிந்திருந்தும் அதை வாய்க்குள் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கும்.

இனி, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றாயே, அதற்கு வருகிறேன். பிள்ளைகளை அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டிக்கொண்டு போ. தினமும் பள்ளிக்குப் போகும்போது தாண்டிப் போகிற பாறைதான். அதனாலேயே ஒருவரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். வழிகாட்டிகள் சொல்வதை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: "இந்தப் பாறையில என்ன குறை?"

குறை கண்ணுக்கு நேரே இருக்கிறது. நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு பெரிய பிளவு. சுமார் 30 மீட்டர் நீளத்துக்குச் சிற்பம் செதுக்க வேண்டும், கிடைத்த பாறையோ இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வேறு பாறை தேடியிருக்கலாம். பிளவைக் கல் வைத்து அடைத்துச் சுதை பூசியிருக்கலாம். பல்லவச் சிற்பி இரண்டையும் செய்யவில்லை. பிளவையே ஆறாக்கிவிட்டான். அதற்குள் நாகங்கள் கை கூப்பி ஏறுகின்றன. இரண்டு பக்கமும் தேவரும் முனிவரும் வேடரும் விலங்குகளும் அந்தப் பிளவை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். கீழே ஒருவன் குளித்துவிட்டுத் துணியைப் பிழிகிறான். பாறைக்கு மேலே தொட்டி கட்டி, அந்தப் பிளவு வழியாக உண்மையான தண்ணீரை விழ வைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நினைத்துப் பார், கல்லில் செதுக்கிய நாகங்களின் மேல் தண்ணீர் ஓடுகிறது! அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. எந்தக் கதையாக இருந்தாலும், பிளவு இல்லாவிட்டால் அந்தச் சிற்பம் இல்லை.

உன் பிள்ளைகளின் புதிரிலும் ஒரு பிளவு இருக்கும். எட்டு நிமிடம் போதாது என்பது பிளவு. செலவு வரம்பு பிளவு. ஒரு பையனுக்குத் திக்குவாய் என்று எழுதியிருந்தாய். அவனை வசனம் இல்லாத வேடத்தில் ஒளித்துவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அவனையே கேள். பேச வேண்டும் என்பானா, பேசாமலே ஏதாவது செய்ய வேண்டும் என்பானா, அவன் சொல்லட்டும். மற்ற ஆறு பேரும் அதைக் கேட்கட்டும். பெரியவர்களான நம் கை அவசரப்பட்டு முதலில் பூசப் போவது இந்த இடங்களைத்தான்.

பிள்ளைகள் அங்கே நிற்கும்போது யானைக்குப் பக்கத்தில் பின்னங்கால்களில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பி வந்த எலிகளையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீ காட்டாதே. யாராவது ஒருத்தி "அக்கா, பூனை!" என்று கத்துவாள். பெரிய கதைக்கு நடுவில் இப்படி ஒரு சின்ன விளையாட்டுக்கு இடம் உண்டு என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் ஐந்து ரதங்களுக்குப் போங்கள். ஒற்றைக் கல் கோயில்களை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தார்கள். அதனால் சாரம் கட்ட வேண்டிய தேவையே இல்லை, வெட்டாத பாறையே நின்று வேலை செய்ய இடம் கொடுத்தது. தர்மராஜ ரதத்தின் மேல்நிலைகளைப் பார், அவ்வளவு நுணுக்கம். கீழ்த்தளத்தைப் பார், வேலை பாதியில் நிற்கிறது. வேலை நின்றுபோனபோதும், அதுவரை முடித்தது முழுதாக முடிந்திருந்தது. உன் குழு இதை மனத்தில் வைத்து வேலையைப் பிரிக்க வேண்டும். புதிர் எதைச் செய்யச் சொல்கிறதோ, அந்த 200 மதிப்பெண்ணுக்கான விஷயம் முதல் ஐந்து வாரத்தில் உருப்பெற்று நிற்க வேண்டும். ஜிகினாவும் முகப்பூச்சும் பிறகு. பெரும்பாலான குழுக்கள் உடையில் தொடங்கி, கடைசி இரவில் கருவியில் வந்து நிற்கின்றன.

பொருட்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நீ இருப்பது கடற்கரை. அட்டை அங்கே நமத்துப்போகும், பசைத் துப்பாக்கியால் ஒட்டியதும் வெயிலில் விட்டுப்போகும். சவுக்குக் கழியும், மீன் ஐஸ் பெட்டியின் தெர்மாகோலும், கிழிந்த வலையும் தேடினால் சும்மாவே கிடைக்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் உங்கள் குப்பத்தில் இருக்கிறது. பைபர் படகு வருவதற்கு முன் கட்டுமரம் கட்டிய தாத்தா ஒருவர் யார் வீட்டிலாவது இருப்பார். அவரை ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிடு. ஆணியே அடிக்காமல் மரத்தை மரத்தோடு கயிற்றால் பிணைத்து அலைக்குள் இறக்கியவர்கள் அவர்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காய வைத்து, மறுபடி கட்டுவார்கள். முடிச்சு கற்றுக்கொடுக்கட்டும், அதற்கு விதியில் தடை இல்லை. அரங்கத்தை அவர் கட்டக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் கட்டி ஒரு நிமிடத்தில் அவிழ்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு எட்டு நிமிடம் தாராளம். ஒத்திகையை இரண்டு முறையாவது கடற்கரை மணலில் வைத்துப் பார். காற்றில் எது சாய்கிறது என்பது அங்கே உடனே தெரிந்துவிடும்.

அரங்கத்துக்கு மாடி வீடு கட்ட வேண்டாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்தால் அது திரை. அதன் பின்னால் மரக்கட்டை அணிகள் கட்டிய வேடக்காரர் பாடத் தொடங்கும்போதே, முகம் தெரிவதற்கு முன்பே, ஊர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். ஒரு கூத்து இரவுக்குப் பிள்ளைகளைப் பெற்றோரோடு போகச் சொல். விடியும்வரை இருக்க வேண்டாம், திரை பிடித்து ஒரு வேடம் நுழைவதைப் பார்த்தால் போதும்.

கதை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மரம் நடுவோம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று எல்லாரும் வரிசையில் நின்று கை தூக்கி முடிக்கும் நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தள்ளாதே. அது பிள்ளைகளின் சிந்தனை இல்லை, நாம் கைதட்டிப் பழக்கிய பாடம். உன் பக்கத்துக் காஞ்சியில் உட்கார்ந்து முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மத்தவிலாசம்' எழுதினான். சின்ன நாடகம். ஒரு காபாலிகனின் கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. அதைத் தேடுகிறான். வழியில் வந்த பௌத்த பிக்கு மேல் பழி போடுகிறான், சண்டை வருகிறது, கடைசியில் ஒரு பித்தன் கையிலிருந்து அது கிடைக்கிறது. நாயிடமிருந்து அவன் எடுத்தது. நாடகம் முழுவதும் தொலைந்துபோன அந்த ஒரு பொருளின் மேல் நிற்கிறது. எட்டு நிமிடத்துக்கு அதுவே ஏற்ற அளவு. "யாருக்கு என்ன வேணும்? அது ஏன் கிடைக்கல?" என்று பிள்ளைகளைக் கேள். ஆளுக்கு ஒன்று சொல்வது அங்கே ஒன்று சேரத் தொடங்கும். சேராவிட்டால் சண்டை போடட்டும், நீ வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடாதே. வசனம் அவர்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே இருக்கட்டும். பாடப்புத்தகத் தமிழில் பேச வைத்தால் பிள்ளைகளின் தோள் விறைத்துக்கொள்கிறது, நீயே கவனித்திருப்பாய்.

திடீர்ப் புதிருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம் போதும். இருபது ஈர்க்குச்சி, ஒரு உருண்டை களிமண், ஒரு முழம் நூல்: எவ்வளவு உயரம் கட்ட முடியும், மேலே ஒரு எலுமிச்சம்பழம் நிற்குமா? இன்னொரு நாள் ஒரு முறத்தை நடுவில் வைத்து, "இது என்னவெல்லாம் ஆகலாம்?" என்று கேள். முதல் சுற்றில் விசிறி, குடை என்று வரும். அது எல்லாருக்கும் தோன்றுவது. மூன்றாவது சுற்றில்தான் ஒருவன் "கடல்ல விழுந்த நிலா" என்பான். அதுவரை பொறுமையாக இரு. நல்ல பதில் வந்ததும் "சபாஷ்" என்று ஒருவனை மட்டும் தூக்கிவிடாதே, மற்றவர்கள் அவன் போன வழியிலேயே போகத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதே. கடிகாரத்தை ஒரு பிள்ளையிடம் கொடு. யாராவது ஒருவர் வரவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று ஒரு நாள் ஆறு பேரோடு நடத்திப் பார். நடுவர் கேட்கக்கூடிய கேள்விகளை அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளட்டும். கழுத்து எப்படி வளைகிறது என்ற கேள்விக்கு ஏழு பேருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

தோற்றுவிடுவார்களோ என்ற பயம் உன் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நான் சொன்ன அந்த ஒடிசிப் போட்டியில் ஒரு விருது உண்டு, 'ரனாட்ரா ஃபுஸ்கா' என்று பெயர். அது ஒரு நீர்ப்பூச்சியின் பெயர். தொடக்க காலத்தில் யாரோ ஒரு மிதவை செய்தார்கள். அந்தப் பூச்சியின் சாயலில் அதைத் தண்ணீர் மேல் செலுத்தப் பார்த்தார்கள். அது சரியாக நடக்கவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலை விட்டுவிட நடுவர்களுக்கு மனம் வரவில்லை. தோற்றுப்போன அந்த மிதவையின் பெயரில்தான், படைப்பூக்கத்துக்கான உயரிய விருதை இன்றும் கொடுக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல். தலைமையாசிரியருக்கும் சொல். கோப்பை வராவிட்டால் உன்னைக் கேள்வி கேட்கப் போவது அவர்தான். முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

வரும் சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே, பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப் போ. நோட்டும் பென்சிலும் அவர்கள் கையில் இருக்கட்டும். நீ எதுவும் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று ஏழு பேரையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, திருத்தாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்